பக்கத்து யார்டின் கேடுகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். புரோபேஷன் முடிய ஒரு வாரம் இருக்கும்போது முதலாளி ஒரு ஃபாரத்தைக் கொடுத்தார். கடல் தாண்டிக் கலிமந்தானில் நிலக்கரிச் சுரங்கம் வைத்திருந்த ஒரு கம்பெனி அனுப்பியது. அடுத்த குழியைத் தோண்டுவதற்கு முன் நிலம், நீர், மனிதர் மூன்றுக்கும் என்னென்ன கேடு வரலாம், இந்தத் தொழில் எத்தனை காலம் தாங்கும் என்று சுரங்கத்திலிருந்து கிள்ளானில் கப்பலிலிருந்து கரி இறக்கும் யார்டுவரை கேட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு கேட்டுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். ஒன்று என்றால் கவலையே இல்லை, ஐந்து என்றால் ஆளையே முடித்துவிடும். கிள்ளான் என் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நிரம்பாவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்று முதலாளி புன்னகையோடு சொன்னார். அந்தப் புன்னகைக்காகவே அவரை எனக்குப் பிடிக்காது.

யார்டில் பெரும்பாலும் நம்மவர்கள்தான். மேஸ்திரி பாலில்லாத தே ஓ டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். கரிக்குவியல் தானாகவே தீப்பிடிக்குமா என்று ஆரம்பித்தேன். அவர் முகம் சுருங்கியது.

"வந்ததும் வராததுமா ஏன்மா இப்படிக் கேக்குற? நல்ல வார்த்தையா பேசு."

மழையில் கரித்தண்ணீர் ஆற்றில் கலக்குமா என்றேன். கடவுள் புண்ணியத்தில் கலக்காதாம். லோரி பின்னோக்கி வரும்போது யாராவது அடிபட வாய்ப்பு உண்டா என்றேன். சுற்றி நின்றவர்களில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாயால் சொன்னால் நடந்துவிடும் என்ற பயம். மூன்று நாளில் நாற்பது கேள்வி, நாற்பதுக்கும் மதிப்பெண் ஒன்று, கேடு எழுதும் கட்டங்கள் எல்லாம் காலி. அவ்வளவு பத்திரமான இடம் மலேசியாவிலேயே கிடையாது, கோயில்கள் உட்பட.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டவும் முடியவில்லை, என் வீட்டிலும் இதே பயம்தான். 'ஒருவேளை பஸ் கவிழ்ந்தால்' என்று நான் ஆரம்பித்தாலே வீட்டில் அம்மா வாயிலேயே ஒன்று போடுவார்.

வியாழக்கிழமை வெறுத்துப்போய்க் கேட்டேன்: "உங்க யார்டை விடுங்கண்ணே. பக்கத்து யார்டுல என்ன பிரச்சினை?"

"அங்க ஒண்ணுமே சரியில்ல லா," என்றார் மேஸ்திரி.

அப்புறம் ஆளாளுக்கு முந்திக்கொண்டார்கள். பக்கத்து யார்டில் கரி உள்ளுக்குள்ளேயே புகையுமாம். தண்ணீர் அடிக்கும் குழாய் முழுக்க ஓட்டையாம். கரித்தண்ணீர் நேராக ஆற்றுக்குத்தானாம். மீன்காரர்கள் சண்டைக்கு வந்தார்களாம். லோரிக்குப் பின்விளக்கே கிடையாதாம். எழுதிக்கொண்டே நிமிர்ந்தேன். எதிரில் நின்ற லோரிக்கும் பின்விளக்கு இல்லை. சொல்லப்போனால் பக்கத்தில் யார்டே இல்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சதுப்புக்காடு.

ஃபாரம் நிரம்பி, இரண்டு தாள் கூடுதலாக ஒட்ட வேண்டியிருந்தது. என் வேலை பிழைத்தது என்று துள்ளாத குறையாகக் கிளம்பினேன். மேஸ்திரி பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"பக்கத்து யார்டு மேஸ்திரிக்கு ஆறு மாசமா இருமல்மா. துப்புனா கறுப்பா வருது. வீட்டுல இன்னும் சொல்லல. அதுக்கு உன் ஃபாரத்துல இடம் இருக்கா?"

இடம் இருக்கிறது என்றேன். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, மடியில் தாளை வைத்து எழுதினேன். அவருக்கு என்ன வயது என்று கேட்டேன். ஐம்பத்திரண்டு என்றார். மதிப்பெண் கட்டம் மட்டும் பாக்கி இருந்தது. அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஆகாதுண்ணே," என்று என் வாய் தானாகச் சொன்னது. கையால் மறைத்துக்கொண்டு, ஐந்து என்று எழுதினேன்.