முதல் கதிர் காவல்காரிக்கு

இல்லை மலர், பக்கத்து வீட்டு ஹலீமா ஒருத்தரோடையும் கோவிச்சுக்கொண்டு போகேல்லை, உமக்கு ஆர் உந்தக் கதை சொன்னது? மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, அதுதான் லில்லெஸ்ட்ரோமிலை போய் நிக்கிறா. போகேக்கை என்ரை கையைப் பிடிச்சு, கீழை முத்தத்திலை நிக்கிற பூச்சாடியளைக் காட்டி, "பறவை, பறவை" எண்டு இந்த நாட்டுப் பாசை நொர்ஸ்கிலை சொல்லிப்போட்டுப் போனவ. எங்கள் ரெண்டு பேருக்கும் நொர்ஸ்க் அவ்வளவுதானே. இரும், நீர் இருக்கிற கதிரையைக் கொஞ்சம் அங்காலை இழும், எனக்குக் கீழை தெரியவேணும். சூ! சூ! பாத்தீரே அந்த நீட்டு வால்க் கள்ளனை? கறுப்பும் வெள்ளையுமா எவ்வளவு வடிவோ அவ்வளவு களவு. உந்தச் சட்டி மூடியையும் அகப்பையையும் எடும், என்ரை மடியிலை கிடக்கட்டும்.

அது என்ன பயிர் எண்டு கேக்கிறீர். இறுங்கு! இந்தியாவிலை இருந்து வந்த சனம் சோளம் எண்டுதுகள், எங்களுக்குச் சோளம் வேறை. ஹலீமா தாயின்ரை வயல் விதையை முடிச்சுப்போட்டு வைச்சிருந்து, பனிக்காலத்திலை ஜன்னலடியிலை முளைக்கப் போட்டு, வெயில் வரத்தான் வெளியிலை இறக்கினவ. வந்தது மூண்டே மூண்டு கதிர். பேரப்பிள்ளை பிறந்த வீட்டிலை இது எல்லாற்றை வாயிலையும் படவேணுமெண்டு அவவுக்கு ஆசை. இஞ்சை ஒஸ்லோவிலை உறைபனி எப்ப விழும் எண்டு ஆர் கண்டது? ஒருபக்கம் குளிர், ஒருபக்கம் குருவி. எனக்கு இருக்கவும் முடியேல்லை, படுக்கவும் முடியேல்லை. சோத்தை அடுப்பிலை வைச்சிட்டு ஓடி வந்து பாக்கிறன், பாத்திட்டுப் போனாச் சோறு அடிப்பிடிச்சுக் கிடக்கு.

மேல்வீட்டு நொர்ஸ்க்காரர் முந்தநாள் சத்தம் தாங்கேலாமல் இறங்கி வந்தார். நான் கதிரைக் காட்டினன், குருவியைக் காட்டினன். அந்த மனிசன் கொஞ்சநேரம் நிண்டு பாத்திட்டு, தானும் ரெண்டு கையையும் தட்டிப்போட்டுப் போனார். நல்ல மனிசன்.

உமக்குத் தெரியாது மலர், நான் காவல் பரணிலை வளர்ந்தவள். என்னைப் பெத்த ஐயா முல்லைத்தீவுப் பக்கம் காடு வெட்டி இறுங்கும் குரக்கனும் போட்டவர். கதிர் பால் பிடிக்கிற நேரம் விடியவே என்னைப் பரணிலை ஏத்திவிட்டா, பொழுதுபட்டுத்தான் இறக்கம். ஒரு தகரம், ஒரு தடி. கிளியள் வரேக்கை ஆரோ பச்சைச் சீலையை உதறிவிட்ட மாதிரி இருக்கும், அடிக்க மனம் வராது, ஆனா அடிப்பன். பள்ளிக்கூடமோ? அதைக் கிளியள் திண்டிட்டுது. நான் திரும்பிப் போகேக்கை மற்றப் பிள்ளையள் ஆனா ஆவன்னா எல்லாம் தாண்டிப் போட்டுதுகள். சரி, விடும். அதுக்காக நான் அழேல்லை.

அழுதது வேறை ஒண்டுக்கு. முதல் கதிரைத் தணலிலை வாட்டி, சூட்டோடை கையிலை தேய்ச்சு, உமியை ஊதினா ஒரு மணம் வரும், பால் பொங்கின மாதிரி. அது முதல் ஐயாவுக்கு. பிறகு பெரியண்ணைக்கு, சின்னண்ணைக்கு. என்னட்டை வரேக்கை சூடும் இராது, இனிப்பும் இராது. கேட்டா ஐயா சிரிப்பார், "நீ உங்கை பரணிலை இருந்து கள்ளமாத் திண்டிருப்பாய் தானே!" எண்டு. சத்தியமா ஒரு மணி தொட்டதில்லை மலர். அந்தச் சொல்லு இண்டைக்கும் குத்துது.

பொறும், பொறும்... இல்லை, அது காத்துக்கு ஆடுது.

ஹலீமாவும் பரண்காரிதான்! எத்தியோப்பியாவிலை ஹறார் மலைப் பக்கமாம். அவையளைக் "கொத்து" எண்டுறவையாம், மண்ணைக் கிண்டிப் பிழைக்கிற சனம் எண்டு மாடு மேய்க்கிற ஆக்கள் வைச்ச பேராம். மலைச் சரிவிலை கல் அடுக்கி மண்ணை மறிச்சு, இறுங்குக்கு இடையிலை அவரை போடுவினமாம். கோப்பி இலையை அவிச்சுப் பால் விட்டுக் குடிப்பினமாம். அறுத்த தானியத்தை முத்தத்திலை கிணறு மாதிரிக் குழி தோண்டிக் கொட்டி மூடிவிட, அதுக்கு மேலை ஆடு மாடு நடந்து திரியுமாம். அவவின்ரை மகள் நொர்ஸ்கிலை சொல்லச் சொல்ல, என்ரை பேத்தி எனக்குத் தமிழிலை சொன்னவள். அவையின்ரை வீட்டு வழக்கம் ஒண்டும் சொன்னவள். முதல் கதிர் காவல் இருந்த பிள்ளைக்காம்! தகப்பன் தன்ரை கையாலை வாட்டிக் குடுக்க, அது திண்டு முடியுமட்டும் பெரியாக்கள் சுத்தி நிண்டு பாப்பினமாம். "திருப்பிச் சொல்லு பிள்ளை" எண்டன். "அம்மம்மா, மூண்டுதரம் சொல்லிட்டன்" எண்டாள்.

இப்ப ஹலீமான்ரை தாயின்ரை வயலும் இல்லையாம். எங்கடை காடு எந்தப் பக்கம் எண்டு எனக்கே சொல்லத் தெரியாது. மிச்சம் கீழை நிக்கிற மூண்டு கதிர்தான், அதுக்கும் குருவி வருது.

ஐயோ, ஃபோன் அடிக்குது. நீர் கதிரைப் பாரும், கண்ணை எடுக்கக் கூடாது. ஹலோ? ஹலீமா! ஓம்... ஓம்... பறவை இல்லை, பறவை இல்லை! என்ன? பேத்தியும் லைனிலையோ, அப்ப அவ சொல்லுறதை நீ தமிழிலை சொல்லு பிள்ளை. குளிரோ? நானோ? நானோ ஹலீமா? ஓம். ஓம்.

மலர்... இண்டைக்கு இரவு உறைபனியாம். முத்தேல்லை எண்டு பாக்காமல் மூண்டையும் அறுக்கட்டாம், பச்சைக் கதிர்தானாம் வாட்ட நல்லது. பின்னேர ரெயினிலை மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வாறாவாம். ஆனா முதல் கதிர் என்ரையாம். தன்ரை கையாலை வாட்டித் தருவாவாம். நீதானே காவல்காரி எண்டு சொல்லுறா, மலர்.

எங்கை என்ரை செருப்பு? குசினி லாச்சியை இழுத்தாக் கத்தி கிடக்கு, எடுத்துத் தாரும். சூ! இஞ்சை பாரும், அந்தக் கள்ளன் கதிருக்குக் கிட்டப் போயிட்டான்! தட்டும், தட்டும் மூடியை, நான் கீழை இறங்கிறன். உமக்கும் ஒரு பிடி தருவன், நில்லும். ஆனா எனக்குப் பிறகு.