விரல் உயரச் சுவர்

பிள்ளைப்பேற்றுக்கு மலையடிவாரத்து அமிர்திக்குத் தாய்வீடு போன என் மனைவி, மூன்றாம் மாதம் திரும்ப வேண்டியவள், வரவில்லை. இன்லண்ட் லெட்டர் ஒன்றுதான் மலையேறி வந்தது. "கதவு வச்ச ரூமு ஒண்ணு கட்டுங்க, வர்றேன். இல்லாட்டி நானும் புள்ளையும் இங்கியே இருந்துக்கிறோம்."

அவள் மேல் தப்பில்லை. ஜவ்வாது மலையில் எங்கள் வீடு ஒரே கூடம். புல் வேய்ந்த கூரை, ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் சாமைக் குதிர், மீதி இடத்தில் அப்பா, அம்மா, நான், அவள். அவளோ வனத்துறை வாட்சரின் மகள். குவார்ட்டர்ஸில் கதவைச் சாத்திக்கொண்டு தலைவாரி வளர்ந்தவள். எங்கள் வீட்டில் அவள் புடவை மாற்றும்போதெல்லாம் என் அம்மா போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எழுபதுகளின் கடைசி அது. நான் மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவனுக்கு இது உறைக்க ஒரு கடிதம் தேவைப்பட்டது.

கடிதத்தின் கீழே வீட்டையே வரைந்து அனுப்பியிருந்தாள். முன்னால் கூடம், பின்னால் சமையலறை, வலப்பக்கம் ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்கு மட்டும் இரண்டு முறை பேனாவை அழுத்தி ஓட்டியிருந்தாள்.

பழைய வீட்டுக்குப் பக்கத்து மேட்டைக் கொத்திச் சமன் செய்தேன். படத்தைப் பார்த்து, கயிறு பிடித்து, மண்வெட்டி முனையால் கோடு கீறினேன். கோடு கீறியதும் வீடு சுண்டிப்போன மாதிரி தெரிந்தது. இதிலா பிள்ளையோடு ஐந்து பேர் வாழ்வது? அப்பா அந்த வலப்பக்க அறைக்குள் போய் மல்லாந்து படுத்தார். "காலு சொவுத்துல இடிக்குது. ரெண்டு முழம் தள்ளிப் போடு" என்றார். தள்ளிப் போட்டேன்.

கோடு பளிச்சென்று தெரியச் சுண்ணாம்பு தூவ வேண்டும். அதற்குத் திருப்பத்தூருக்கு இறங்க வேண்டும். எனக்கு ஏது அவ்வளவு பொறுமை? குதிருக்கு அடியில் ஒரு கூடை சாமைப் பதர் கிடந்தது. அதில் அடுப்புச் சாம்பலைக் கலந்து கோடு முழுக்க நிரப்பினேன். வாசல் வரும் இடங்களில் மட்டும் இடைவெளி விட்டேன். அன்று சாயங்காலமே மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை.

ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நான் பதர் என்று கொட்டியதில் பாதி மணி. கூடம், சமையலறை, அவள் அறை என்று என் வீடு முழுக்கப் பச்சையாக முளைத்திருந்தது. விவசாயி மகனுக்குப் பதருக்கும் மணிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்ற வெட்கத்தையும் மீறி, கண் அதைவிட்டு நகரவில்லை. காகிதத்தில் இருந்தது மண்ணில் உயிரோடு நின்றது.

ஆச்சரியம் தீர்ந்ததும் கடப்பாறையை எடுத்தேன். அம்மா குறுக்கே வந்தாள்.

"முளைச்சதெக் குத்துவியா? உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?"

"அஸ்திவாரம் தோண்டணும்மா."

"அறுத்துட்டுத் தோண்டு. கதிரு வாங்காத பயிரெ நம்ம வூட்டுல யாரும் அழிச்சதில்ல."

கத்தினேன். கடப்பாறையை வீசினேன். அது போய் விழுந்தது என் சைக்கிள் மேல். அப்பா அதற்குள் ஆடு மேயாமல் இருக்க மேட்டைச் சுற்றி முள் வைக்க ஆரம்பித்திருந்தார். "வாத்தியாரு வூட்டையே வெதச்சிட்டாரு" என்று ஊர் சிரித்தது. அறுப்புக்கு இன்னும் மூன்று மாதம். அதுவரை அங்கே இருக்கிறவள், பிறகு வராமலே போய்விட்டால்? பயத்தில் பொய் எழுதினேன். "சுவர் எழும்பிவிட்டது. புறப்பட்டு வா."

வந்துவிட்டாள். அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறி, மார்போடு பிள்ளையை அணைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் அவள் அண்ணன், தலையில் தகரப் பெட்டியோடு. மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியை இறக்கவில்லை.

"இன்னா இது?" என்றாள்.

"உன் புருசன் கட்டுன வூடு" என்றாள் அம்மா.

திரும்பி நடந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் முள்ளை ஒதுக்கி உள்ளே வந்து, குறுக்கே தாண்டாமல், பச்சைக் கோட்டைச் சுற்றிக்கொண்டு வாசல் இடைவெளிக்குப் போனாள். செருப்பை வெளியே விட்டாள். கூடத்தைக் கடந்து, அடுத்த இடைவெளி வழியாக வலப்பக்க அறைக்குள் நுழைந்தாள். நாலு மூலையையும் பார்த்தாள். அப்போது பிள்ளை பசியில் வீறிட்டது. அவள் தரையில் உட்கார்ந்து, எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாரும் அப்பால போங்க. கதவெச் சாத்தப்போறேன்."

அப்பா முதலில் திரும்பினார். பிறகு நான், அம்மா, பெட்டியோடு அவள் அண்ணன். நாலு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றோம். தினமும் அந்த மேட்டோரமாகப் போகிற ஊர்க்காரர் ஒருவர் விறகுக் கட்டோடு வந்தார். நாங்கள் நிற்பதைப் பார்த்ததும் அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுற்றுவழியில் இறங்கிப் போனார். விரல் உயரம்கூட முழுதாக இல்லாத சுவர் அது.

பின்னால் பிள்ளையின் அழுகை அடங்கியது. பிறகு அவள் குரல் கேட்டது.

"பொட்டிய எறக்குண்ணா."