சொல்லிக்கொண்டு கிளம்பியவள்

விழுப்புரத்துக்கு வந்த புதிதில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் நான் என் வேரைத் தேடி வந்திருப்பதாகவே முடிவு கட்டினார்கள். மொரீஷியஸ் தமிழச்சி என்றதும் கண் கலங்கி, "பாட்டன் பூட்டன் மண்ணுக்கே திரும்பி வந்துட்டியேம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. நான் எந்த வேரையும் தேடி வரவில்லை. எங்கள் தீவில் ஓர் ஆடை ஆலைக்கு இயந்திரம் பழுதுபார்க்க வந்த, விழுப்புரத்துக்குப் பக்கத்துக் கெடார்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டேன். அவருடைய அப்பாவால் நிலத்தைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போனதும், அவர் பின்னாலேயே பெட்டி கட்டிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான். நான் ஒருநாளும் விட்டுப் போகாத ஊருக்கு எப்படித் திரும்பி வர முடியும் என்று எனக்குள் எரிச்சல் வரும். அரசு அலுவலகத்தில் நான் வெளிநாட்டவர், கட்டுக் கட்டாகத் தாள்களோடு வரிசையில் நிற்க வேண்டும். தெருவில் மட்டும் திரும்பி வந்த மகள். இரண்டில் அலுவலகம் சொல்வதுதான் எனக்கு நியாயமாகப் பட்டது.

என் தமிழ் ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயில் வகுப்பில் படித்த தமிழ். வீட்டில் நாங்கள் பேசுவது பிரெஞ்சிலிருந்து வந்த கிரியோல். எனக்குச் சாமி பாட்டு பாடத் தெரியும், கடையில் தேங்காய் கேட்டு வாங்கத் தெரியாது. திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிரெஞ்சு கற்பிக்கும் வேலை கிடைத்தபோது, முதல் நாள் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நடத்துநரிடம், "ஐயா, இந்தப் பேருந்து திண்டிவனம் செல்லுமா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "செல்லும் தாயே, செல்லும். ஜல்தியா ஏறு" என்றார். பஸ்ஸே சிரித்தது. அன்று முழுக்க வகுப்பில் எனக்குத் தமிழ் வாய்க்கு வரவில்லை, நல்ல வேளையாகப் பாடம் பிரெஞ்சு.

நாங்கள் குடியிருந்தது மாடியில். கீழே வீட்டுக்காரர்கள். அந்த அக்காவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். அவருடைய கணவருக்கு முகையூர்ப் பக்கம் நிலம், காலையில் பைக்கில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பிள்ளைகள் இருவரும் சென்னையில் வேலையில் இருந்தார்கள். பகலெல்லாம் தனியாக இருந்த அக்காவுக்கு என் தமிழ் நல்ல பொழுதுபோக்கு. ஒருநாள் நான் நிலக்கடலை என்று சொல்லிவிட்டேன். "நிலக்கடலையா? அத ரேடியோவுலதான் விப்பாங்க. மல்லாட்டைன்னு சொல்லு" என்று முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஆனால் நான் திரும்பி வந்துவிட்டதாக அக்கா ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வந்த முதல் வாரம், மாடிப்படியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்க ஊரு ஞாபகமா? அழுவறதுன்னா இங்க வந்து அழு. மாடியில தனியா ஒக்காந்துக்கினு அழுவாத" என்றார். நான் வெளியூர்க்காரிதான் என்பதை அப்படியே ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். அதனாலேயே அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். இந்த நாட்டில் எனக்கென்று யார் இருக்கிறார் என்று கேட்டால், கணவரைச் சொல்வதற்கு முன்பே அக்காவைச் சொல்லியிருப்பேன்.

அந்த அக்காதான் ஒரு காலையில் சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். நான் வாசலில் நின்று, "அக்கா, நான் போகிறேன்" என்று சொல்லியிருந்தேன்.

"போறேன்னு சொல்லக் கூடாதும்மா. போய்ட்டு வர்றேன்னு சொல்லு."

"சாயங்காலம் வரத்தானே போகிறேன்?"

"எப்ப வந்தா என்னா? வர்றேன்னு சொல்லு."

சொன்னேன். அதன்பிறகு அதை விடவே இல்லை. புதிதாகக் கற்றுக்கொண்டவளுக்கு உள்ள வேகம். மருந்துக்கடையில் சொன்னேன், தபால்காரரிடம் சொன்னேன், மின்கட்டணம் கணக்கெடுக்க வந்தவர் கிளம்பும்போது அவரை முந்திக்கொண்டு நான் சொன்னேன். ஒருமுறை தவறான எண்ணுக்குப் போன் போட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டு, "போய்ட்டு வர்றேங்க" என்று சொல்லித்தான் வைத்தேன். கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மூன்றாம் வருஷம் கோடை தொடக்கத்தில் அக்காவின் கணவர் இறந்துபோனார். கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலைக்குள் தெருவை அடைத்துப் பந்தல், நாற்காலிகள், மேளம். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர். பெட்டியின் மேல் தலையைச் சாய்த்தபடி அக்கா. நான் அதற்குமுன் இந்த ஊரில் ஒரு சாவு வீட்டுக்கும் போனதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்தேன். அழுகை மட்டும் தானாகவே வந்தது.

சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் குளித்தார்கள். மறுநாள் பள்ளியில் தேர்வு, நான் மாடிக்குப் போக வேண்டும். எங்கள் தீவில் துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது, இருப்பவரின் கையைப் பிடித்து "மறுபடியும் வருவேன்" என்று சொல்வோம். உன்னைத் தனியாக விடமாட்டேன் என்று அதற்கு அர்த்தம். நான் எழுந்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போய்க் கைகூப்பி, அக்கா சொல்லித்தந்தபடியே, ஓர் எழுத்துகூடப் பிசகாமல், "போய்ட்டு வர்றேங்க்கா" என்றேன்.

அக்காவின் நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எதுக்கு வர்ற? இன்னும் யார வாரிக்கினு போவ வர்ற?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டேன் என்பது மட்டும் எல்லாருடைய முகத்திலும் தெரிந்தது. அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு நின்ற என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். ஈரத் தலையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"சாவு வீட்ல சொல்லிக்காமத்தான் கெளம்பணும். வர்றேன்னு சொன்னா, இன்னொரு சாவுக்கு வர்றேன்னு ஆயிடும்."

"இதை ஏன் எனக்கு யாருமே சொல்லவில்லை?"

"இதெல்லாம் யாருனா சொல்லித் தருவாங்களா?"

அன்று அவரிடம் நான் போட்ட சண்டை மாதிரி அதற்குப் பிறகு போட்டதில்லை. பாவம், அவர் என்ன செய்வார். ஒரு நாட்டின் விதிகளைச் சொல்லித்தர ஆள் கிடைப்பார்கள். எந்த இடத்தில் அந்த விதி தலைகீழாகும் என்பதைச் சொல்லித்தர மட்டும் ஒருவரும் இல்லை. அது தங்களுக்குத் தெரியும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. நான் சறுக்கி விழுந்த பிறகுதான் அங்கே ஒரு படி இருந்தது அவர்களுக்கு ஞாபகம் வரும்.

அடுத்த பதினாறு நாளும் கீழ் வீட்டில் யார் இருமினாலும் எனக்குப் பகீர் என்றது. சகுனத்திலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் தரையில் காதை வைக்காத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் அது என் நாக்கால் வந்ததாகிவிடும். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் நாத்தனார் வாசலிலேயே காவல் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் எங்கேயும் எதுவும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப ஆரம்பித்தேன், மருந்துக்கடையில்கூட.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பிள்ளைகள் சென்னைக்கும் நாத்தனார் தன் ஊருக்கும் போனார்கள். இனி அக்காவைப் பார்க்கலாம் என்று மறுநாள் காலையில் படியிறங்கினேன். கீழே திறந்திருந்த கதவு சட்டென்று சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது. அடுத்த நாளும் அப்படியே. என் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், தாழ்ப்பாள் விழும். சாயங்காலம் வரும்போது நானே அந்தப் பக்கம் திரும்பாமல் விறுவிறுவென்று மாடியேறிவிடுவேன். இப்படியே ஒரு மாதம் போனது. பஸ்ஸில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். தேர்வுத் தாளைத் திருத்திக்கொண்டே அழுதிருக்கிறேன்.

திண்டிவனத்திலேயே பள்ளிக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றார் கணவர். பார்த்தோம், வீடும் கிடைத்தது. காலி செய்வதை அக்காவிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழே போய்க் கதவைத் தட்டினேன். அக்கா திறந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது, ஆள் பாதியாக இளைத்திருந்தார். வீட்டு விஷயம் எதுவும் எனக்கு வாயில் வரவில்லை.

"தெரியாமல் சொல்லிவிட்டேன் அக்கா. சாவு வீட்டில் வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியாது" என்று அழுதேன்.

"என்னாது? அத நெனச்சிக்கினா இத்தினி நாளும் மூஞ்சியத் திருப்பிக்கினு ஓடன?" அக்காவுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "நீ என்னா சொன்னன்னே அன்னிக்கி என் காதுல வுழலம்மா. அப்பறம்தான் சொன்னாங்க. ஒனக்குச் சொல்லித் தராதது என் தப்புன்னு நெனச்சிக்கினேன்."

"பிறகு ஏன் தினமும் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினீர்கள்?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடவா தெரியாது என்று இருந்தது.

"நீ வேலைக்குப் போறவ. காலங்காத்தால தாலியறுத்தவ மூஞ்சியில முழிச்சிட்டா போவ? போற காரியம் வெளங்குமா? ஒனக்கு இதெல்லாம் தெரியாது, நீ பாட்டுக்கு எதிருல வந்து நிப்ப. அதான் நானே ஒன் காலடிய கேட்டுக் கேட்டு உள்ள போய்க்கினேன்."

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் நாள் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு மாதமாக இந்தப் பெண் தன்னைத் தானே உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறார். நான் அதைக் கோபம் என்று படித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"நாளைக்குக் காலையில் நீங்கள் வாசலில் நிற்க வேண்டும்" என்றேன்.

"வாணாம்மா. எதுனா ஆச்சின்னா என்னால தாங்க முடியாது."

"எனக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட், அக்கா. உங்கள் ஊர்ச் சகுனம் எனக்குச் செல்லாது."

அக்கா சிரிக்கவில்லை. திண்டிவனம் வீடு இனி வேண்டாம் என்று அன்றிரவே கணவரிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை கதவு திறந்திருந்தது. பாதி உடம்பைக் கதவுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஏதோ திருட்டுக்காரியம் செய்பவர் போல நின்றிருந்தார். நான் எதிரே போய் நின்று அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

அன்று நடந்ததை எல்லாம் சொன்னால் நம்பமாட்டீர்கள். என் கண்ணெதிரே வழக்கமான பஸ் கிளம்பிப் போனது. அடுத்ததில் நின்றுகொண்டே போனேன். அது ஊருக்குள் போகாதாம், பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. வெயிலில் நடக்கும்போது செருப்பு அறுந்தது. பள்ளிக்குப் போனால் முதல் பாடவேளை முடிந்திருந்தது, தலைமையாசிரியை எல்லார் முன்னாலும் ஒரு பிடி பிடித்தார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என்றைக்கும் இல்லாமல் இன்றைக்குத்தானா என்று வானத்தைப் பார்த்துத் திட்டினேன், பிரெஞ்சில்.

சாயங்காலம் தெருமுனையில் திரும்பும்போதே அக்கா தெரிந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"எப்பிடிம்மா இருந்திச்சி?" முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

ஊக்குக் குத்தியிருந்த செருப்பை இன்னொரு காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டேன். "போனதும் பஸ், அக்கா. ஜன்னல் சீட்டு."

"ஊருக்குள்ள போச்சா? பைபாஸ்லயே எறக்கி வுட்டுட்டானா?"

"பள்ளிக்கூட வாசலிலேயே இறக்கிவிட்டான்."

எந்தப் பஸ்ஸும் அந்தப் பள்ளி இருக்கும் தெருவுக்குள் போகாது. திண்டிவனத்தில்தான் அக்கா பிறந்து வளர்ந்தார். அவர் என் முகத்தையும், பிறகு என் கால்களையும் பார்த்தார். சுற்றியிருந்த முந்தானையை விரலிலிருந்து மெதுவாக அவிழ்த்தார்.

"நாளிக்கு எத்தினி மணி பஸ்ஸுக்குப் போவணும்?" என்று கேட்டார்.