ஐம்பத்தைந்து ஆகாத அப்புத்துரை

அப்புத்துரை பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவர். 1992 மார்ச் ஆறாம் தேதி அவருக்கு ஐம்பத்தைந்து நிறைந்தது. ஓய்வுக் கடிதத்தை அந்தத் தேதியில் ஆபீஸ் கம்ப்யூட்டரே அச்சடித்துத் தரவேண்டும், அதுதான் விதி.

ஆனால் அதே மார்ச் ஆறில் ஒரு வைரஸ் விழித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் அழித்துவிடும் என்று பத்திரிகைகள் அலறின. மேனேஜர் ஷேக் அலாவுதீன் பயந்துபோனார். தினமும் காலையில் தேதியை மார்ச் ஐந்துக்குத் திருப்பிவிடும்படி டைப்பிஸ்ட் ருக்குமணிக்கு உத்தரவு போட்டார்.

“நேரா ஏழுக்குத் தாண்டிடலாமே, சார்?” என்றார் அப்புத்துரை.

“தாண்டுறப்ப ஆறுல கால் பட்டுட்டா?”

வைரஸ் போய்விட்டதா என்று கேட்டுத் தலைமையகத்துக்குக் கடிதம் போனது. அதில் மார்ச் ஐந்து என்றே தேதி இருந்ததால், பழைய கடிதம் என்று அங்கே கோப்பில் சேர்த்துவிட்டார்கள். பதில் வரவில்லை.

ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. அப்புத்துரை வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தார். முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஜூலையில் நாற்காலியில் உட்கார்ந்தாலே முதுகு கெஞ்சியது.

ஆகஸ்டில் ஒருநாள் அவர் மனைவி பத்மாவதி ஆயர் ஈத்தாம் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, அவருடைய பிறப்புச் சான்றிதழை மேனேஜர் மேசையில் வைத்தாள்.

“சர்டிபிகேட் சரிதான் அக்கா. கம்ப்யூட்டர் ஒத்துக்கணும்லா!” என்றார் மேனேஜர்.

“தேதி மாத்துறது எங்கம்மா?” என்று ருக்குமணியைக் கேட்டாள் பத்மாவதி. ருக்குமணி காட்டினாள். பத்மாவதி ஒற்றை விரலால் ஆறைத் தட்டினாள்.

மேனேஜர் மாடிப்படியில் பாதி தூரம் ஓடிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. பிரிண்டர் மட்டும் கறகறவென்று ஓடி ஓய்வுக் கடிதத்தைத் துப்பியது. அதைக் கையில் வாங்கியபோது அப்புத்துரைக்குக் கண் கலங்கியது. பத்மாவதி அவர் குடையையும் எடுத்துக்கொண்டு, “நடங்க” என்றாள்.

மறுநாள் தேதியைச் சரியாக ஆகஸ்டுக்கு மாற்றலாமா என்று ருக்குமணி கேட்டாளாம். “அவசரம் வேணாம்மா. ஒவ்வொரு நாளா போகட்டும்,” என்று சொல்லிவிட்டார் மேனேஜர்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் அப்புத்துரை வீட்டுக்கு அந்த ஆபீஸின் தீபாவளி விருந்து அழைப்பு வந்தது. இருவரும் போனார்கள். முறுக்கில் உப்பு கொஞ்சம் கூடுதல் என்றாள் பத்மாவதி.