காலிபா கண்டுபிடித்த எண்

ஃப்ரூன்ஸே நகரத்து ஆய்வுக்கூடத்தின் கணக்குப் பிரிவில் பதினோரு பெண்கள் இருந்தோம். கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரம் ஆளுக்கொன்று. பக்கத்து மேஜை காலிபாவுடையது. நாரின் என்ற மலையூர்க்காரி. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. கணவன் போரிலிருந்து திரும்பவில்லை.

1964இல் உப்புப் படிகத்தின் கணக்கு எங்களிடம் வந்தது. படிகத்தின் நடுப்புள்ளியில், சுற்றியுள்ள மின்னூட்டங்கள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு மின்னழுத்தம் உண்டாக்குகின்றன? ஒவ்வொரு மின்னூட்டத்தையும் அதன் தூரத்தால் வகுத்து, கூட்டல் கழித்தல் குறி பார்த்துச் சேர்க்க வேண்டும். திசை பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அருகிலிருந்து வரிசையாகச் சேர்க்கச் சேர்க்க, விடை மேலும் கீழும் எகிறியது. நாங்கள் இயந்திரத்தைத் திட்டிவிட்டு விட்டுவிட்டோம்.

காலிபா மூன்று மாதம், சாப்பாட்டு இடைவேளையெல்லாம் அதையே போட்டுப் பார்த்தாள். தூர வரிசையை விட்டு, கனசதுரம் கனசதுரமாகச் சேர்த்தாள். ஓரத்து மின்னூட்டங்களில் பாதி, கால் என்று பங்கு மட்டும் எடுத்தாள். விடை அடங்கி நின்றது: 1.7476.

"புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்னு அண்ணனுக்குக் கடுதாசி போட்டுட்டேன்டி."

"தலைவர்கிட்ட காட்டுறதுக்கு முன்னாடியேவா? உனக்குக் கொழுப்புதான்."

பிரிவுத் தலைவர் சத்தீரோவ் தாள்களை வாங்கிப் போனார். மூன்றாம் நாள் பழைய அமெரிக்கப் பத்திரிகைத் தொகுதி ஒன்றோடு வந்தார்.

"காலிபாக்கா, நீங்க செஞ்சது முழுக்கச் சரி. ஆனா இதையே முப்பத்திரண்டாம் வருஷத்துலயே ஒருத்தர் செஞ்சுட்டார். எனக்கே தேடினப்புறம்தான் தெரிஞ்சுது."

அந்த மொழியில் அவளுக்கு ஓரெழுத்தும் தெரியாது. வரி வரியாக விரலை ஓட்டி, எண்ணை மட்டும் அடையாளம் கண்டாள்.

"மாலைப் பள்ளிக்கூடத்துல சேருங்க. நான் சிபாரிசு எழுதித் தர்றேன்."

"நாப்பத்திரண்டு வயசுல எட்டாங்கிளாஸ்லேர்ந்தா?" என்றாள். தாள்களைத் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாள் மாலை நான் அவள் வீட்டில் இருந்தபோது அவள் அண்ணன் மம்பெத் வந்து இறங்கினார். கையில் குதிரைத் தொத்திறைச்சி, தோல்பை நிறைய குமிஸ் என்ற புளித்த குதிரைப்பால்.

"ஊர்ல ஆடு வெட்டியாச்சு புள்ள. உன் பேரு எந்தப் புஸ்தகத்துல வரும்?"

காலிபா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வாய் திறக்குமுன் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அச்சாக நாளாகும்ணே. வந்ததும் அனுப்புறேன்."

ஏழு வருடம், ஒவ்வொரு கடிதத்திலும் அவர் அதைக் கேட்டார். இன்னும் ஆகவில்லை என்று அவளும் எழுதினாள். அவர் இறந்த தந்தி வந்த காலையில், அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இனிமே பொய் எழுத வேணாம்டி."

பிறகு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நாரின் பேருந்துக்குப் போனாள்.