பத்துச் சக்கரக் காகித லாரி

காகிதத்தில் ஒரு வீடு செய்ய எனக்குப் பதினெட்டு நிமிஷம் ஆகும். நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த விடுமுறையில் சித்தி கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. வெட்டி, மடித்து, நான்கு சுவரையும் ஒட்டி, மேலே ஓட்டுக்கூரையை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். சபாஷ் என்பாள் என்று எதிர்பார்த்தேன். சித்தி அந்த வீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆவாது பாப்பா, சீக்கிரமா முடிஞ்சிருது" என்றாள்.

சித்தி என் அப்பாவுடைய தம்பியின் மனைவி. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். செந்துறையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் என்று வந்து நிற்கும்போது கம்ப்யூட்டரில் படம் தேடி, தடித்த தாளில் அச்செடுத்து, எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்றும் காட்டிக்கொடுப்பாள். அப்படிப் பழகிய கை. சித்தப்பா சிமெண்ட் லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். அவர்களுக்கு ஒரே மகன், என்னைவிட ஒரு வயது சின்னவன்.

அதற்கு முந்தின வருஷம் மே மாதம் அவன் செத்துப்போனான். எங்கள் ஊருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் தோண்டி முடித்து அப்படியே விட்டுப்போன குழி ஒன்று உண்டு. அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் குளிக்கக் கிளம்பியவனை நாலு மணிக்குத் தூக்கிவந்தார்கள். அந்த நேரம் சித்தி கடையில் யாருடைய ஆதார் அட்டையையோ நகலெடுத்துக்கொண்டிருந்தாளாம். எங்கள் வீட்டில் அதைப்பற்றி யாரும் பேசமாட்டார்கள். பேசாததாலோ என்னவோ, ஒரு வருஷத்துக்குள் நான் அதை ஏறக்குறைய மறந்தும் போயிருந்தேன்.

ஏப்ரல் கடைசியில் சித்தி கடை வேலையை விட்டுவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு ஊர் நூலகத்துக்குப் போனாள். பஞ்சாயத்து ஆபீசுக்குப் பக்கத்தில் ஒற்றை ஹால். பேப்பர் படிக்க வரும் நாலைந்து பெரியவர்களைத் தவிர யாரும் எட்டிப்பார்க்காத இடம்.

"சார், மே மாசம் புள்ளைங்களுக்குப் பேப்பர்ல பொம்ம செய்யச் சொல்லித் தரலாம்னு இருக்கேன். எடம் மட்டும் குடுங்க."

நூலகர் மகிழ்ந்துதான் போனார். உடனே ஒரு தாளை எடுத்துத் திட்டம் எழுதினார்: ஆரம்பநிலைப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, கடைசியில் ஒரு போட்டோ. சித்தி ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னாள். ஞாயிறு மட்டும் போதாது, தினமும் வேண்டும். காலையில் வேண்டாம், மத்தியானம் இரண்டு முதல் நாலு வரை. அது அவர் நூலகத்தைப் பூட்டிவிட்டுத் தூங்கப்போகிற நேரம்.

"ரெண்டு மணி வெயில்ல யாரும்மா வருவா? ஃபேன் போட்டா பேப்பர் பறக்கும், போடலன்னா புள்ளைங்க பறந்துடும்."

"ரெண்டு மணிதாங்க சார்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவர் அவள் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சரிம்மா என்றார். இவ்வளவு பெரிய ஆள் சித்தியிடம் தோற்றுவிட்டாரே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

அடுத்து என்ன பொம்மை என்பதை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் முதலில் என்னிடம் கொடுத்துப் பார்த்தாள். கூண்டு அரை மணியில் முடிந்தது, வேண்டாம் என்றாள். பஸ்ஸை முக்கால் மணியில் முடித்தேன், அதுவும் வேண்டாம். நான் வேகத்தைக் கூட்டக் கூட்ட அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு லாரியைக் கொண்டுவந்தாள். பத்துச் சக்கரம். ஒவ்வொரு சக்கரமும் நீளமான தாளைச் சுருட்டிச் சுருட்டி ஒட்டிச் செய்யவேண்டியது. ஒன்று காய்ந்தால்தான் அடுத்ததைத் தொடலாம். பசையும் கடையில் வாங்கியதில்லை, வீட்டில் காய்ச்சிய மைதாப் பசை. எளிதில் காயாது. அந்த லாரி முடிய எனக்கு ஆறு நாள் ஆனது. கைவலியில் அழுதேவிட்டேன். சித்தி அன்றைக்குத்தான் என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

யாரைச் சேர்ப்பது என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. நான் சொன்ன முதல் ரேங்க் பிள்ளைகளை எல்லாம் விட்டுவிட்டு, ஊரிலேயே அடங்காத பயல்கள் பதினோரு பேரின் பெயரை எழுதினாள். கத்தரிக்கோலை நேராகப் பிடிக்கத் தெரியாதவர்கள். வீடு வீடாகப் போய், "லாரி செய்யலாம், வர்றியா?" என்று அவளே கூப்பிட்டாள். லாரி என்றதும் அத்தனை பேரும் வந்தார்கள்.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. சித்தி நேரம் தவறாமல் பெயர் கூப்பிடுவாள், நடுவில் இரண்டு தரம் தலை எண்ணுவாள். மை தீர்ந்த பேனாவால் மடிப்புக்கோட்டை எப்படி அழுத்துவது என்று ஒவ்வொருவனுக்கும் கைபிடித்துக் காட்டினாள். ஒருவன் அவசரப்பட்டால், "மெதுவா செய்டா, லாரி எங்க போயிடப் போவுது" என்பாள்.

மூன்றாம் நாள் பசை புளித்துவிட்டது. புதிதாகக் காய்ச்சி வர வீட்டுக்குக் கிளம்பியவள் என்னை வாசலுக்கு அழைத்து, "பாப்பா, நான் வர்ற வரைக்கும் இவங்களப் பாத்துக்க. யாரையும் வெளிய வுடாத" என்றாள். நூலகர் சார் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்.

என்னை நம்பி ஒரு வகுப்பையே ஒப்படைத்துவிட்டுப் போகிறாள் என்று தோன்றியது. நான் எவ்வளவு கெட்டிக்காரி என்பதைக் காட்டிவிட வேண்டும். சார் மேஜையில் ஒரு ஸ்டேப்ளர் இருந்தது. சக்கரத்தைச் சுருட்டி, பசையே இல்லாமல் ஒரு அழுத்து. அவ்வளவுதான். பயல்கள் ஆரவாரம் செய்தார்கள். நான் ஒவ்வொருவனுடைய லாரிக்கும் டக் டக்கென்று அடித்துக்கொடுத்தேன். அரை மணிக்குள் பதினோரு லாரியும் முடிந்தன. முடிந்தபின் எதற்கு உட்கார்ந்திருப்பது? ஒருவன் எழுந்து ஓடினான், மற்றவர்களும் ஓடினார்கள். நான் தடுக்கவில்லை. லாரிகளைப் பெஞ்சில் வரிசையாக நிறுத்திவைத்து, சித்தி பார்க்கப்போகும் நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

சித்தி பசைக் குண்டானோடு வந்தாள். லாரிகளைப் பார்க்கவே இல்லை. காலிப் பெஞ்சுகளைத்தான் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்டி போனாங்க?"

கிழக்கே கையைக் காட்டினேன். குண்டானை அப்படியே கீழே போட்டுவிட்டு, செருப்பில்லாமல் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். குழிக்கரையில் சட்டைகள் கிடந்தன. ஐந்து பேர் தண்ணீரில் நின்றார்கள். மற்றவர்கள் கரையில் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சித்திக்கு நீச்சல் தெரியாது. புடவையோடு மார்பளவு தண்ணீரில் இறங்கி, கைக்கு அகப்பட்டவனை எல்லாம் இழுத்துக் கரையில் தள்ளினாள். தள்ளியவனை அடித்தாள். ஒருவனுக்கு உதடு கிழிந்தது. பதினோரு பேரையும் எண்ணினாள். எண்ணி முடித்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

சாயங்காலம் உதடு கிழிந்த பையனின் அம்மா எங்கள் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினாள். "ஒம் புள்ளய வுட்டுட்டு எம் புள்ளய அடிக்க வந்துட்டியா?" சித்தி ஈரப்புடவையைக்கூட மாற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் இரண்டு மணிக்கு என்னைத் தவிர யாரும் நூலகத்துக்கு வரவில்லை. அடிக்கிற இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று ஊரில் பேசிவிட்டார்கள். நூலகர் சார் பழையபடி பூட்டிக்கொண்டு தூங்கப் போய்விட்டார்.

சித்தி என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆறு நாள் வேலையை நான் அரை மணியில் முடித்துக் காட்டிவிட்டதில் அவளுக்குப் பொறாமை என்று அம்மாவிடம் சொன்னேன். அதுவரை என்மேல் கைவைத்திராத அம்மா கையை ஓங்கினாள். பிறகு இறக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து சித்தி தினமும் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு குடையை எடுத்துக்கொண்டு குழிக்கரைக்குப் போக ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் திறக்கும்வரை ஒருநாள்கூடத் தவறவில்லை. அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். பயல்கள் தூரத்தில் அவளைக் கண்டதும் திரும்பிவிடுவார்கள். அம்மா என்னிடம் சோற்றுத்தூக்கைக் கொடுத்தனுப்புவாள். நான் அதைக் கரைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் கிளம்புவேன்.

"நேரா வூட்டுக்குத்தான போற?" என்று கேட்பாள்.

ஆமாம் என்பேன். நான் தெருமுனை திரும்பும்வரை அவள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரியும். தோற்றுப்போனவர்களுக்கு இவ்வளவு நாளா கோபம் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். என் கோபமும் அதற்குக் குறைந்ததில்லை என்று காட்டுவதற்காக, ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.