உப்பு விட்ட தவக்காலம்

உப்புப் போடாத பருப்புக்கு ருசி என்று எதுவும் கிடையாது, நாக்கில் ஒரு வழவழப்பும் தொண்டையில் ஒரு வெதுவெதுப்பும் மட்டும்தான். முதல் மூன்று நாள் அதை விழுங்கவே தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும், அப்புறம் பழகிவிடும், இரண்டாவது வாரத்தில் சொந்த உதட்டை நக்கினால்கூடக் கரிக்கிற அளவுக்கு நாக்கு கூர்மையாகிவிடும். சாந்தோமில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த எங்கள் வாடகை வீட்டில், எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது ஒரு தவக்காலம் முழுக்க உப்பில்லாமல் சாப்பிடுவது என்று முடிவு செய்தோம். இருபத்தைந்தாம் நாளோடு அது நின்றுபோனது. ஏன் நின்றது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அது எப்படி அத்தனை நாள் நடந்தது என்பதை மட்டும் போன மாதம் வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தெருவிலும் 'டீச்சர்'தான், பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அவள் அமைதியான மனுஷி. ஆனால் அந்தத் தவக்காலத்துக்கு முந்தைய ஆடி மாதத்தில் அந்த அமைதி எங்கேயோ போய்விட்டது. கூடத்துச் சுவரில் சாக்பீஸால் வகுத்தல் கணக்குகளைத் தரையிலிருந்து கை எட்டும் உயரம் வரை போட்டு நிரப்பினாள். தி. நகரிலிருந்து ஒரே நிறத்தில் பதினான்கு குடைகள் வாங்கி வந்தாள். என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் உச்சிவெயிலில் பட்டினப்பாக்கம் மணலுக்கு அழைத்துப்போய், செருப்பைக் கழற்றிவிட்டு அலைக்கு முன்னால் நின்று பேசுவாள். அது தனக்குத்தானே பேசுகிற பேச்சு இல்லை. ஒரு வார்த்தை சொல்வாள், நிறுத்துவாள், தலையைச் சாய்த்துக் கேட்பாள், பிறகு சிரித்துக்கொண்டே "ஆமா, அதுவும் சரிதான்" என்பாள். கடல் முதலில் பேசியது போலவும் அம்மா பதில் மட்டும் சொல்வது போலவும் இருக்கும். நான் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், மயிர் கூச்செறியும், ஆனால் அங்கிருந்து போகவும் மனம் வராது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரை, யாரிடமும் கேட்காமல், பாதி வகுப்பில் கிளப்பி வரிசையாகக் கடலுக்கு நடத்திக்கொண்டு போய்விட்டாள். முழங்கால் தண்ணீரில் எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்தபோது மீன்பிடிக்கிற ஆட்கள் ஓடிவந்து கரையேற்றினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடம் நீண்ட விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னது. அடுத்த இரண்டு வாரத்துக்குள், யாரோ சுவிட்சை அணைத்தது மாதிரி, அம்மா படுத்துவிட்டாள். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தாள். சாக்பீஸ் கணக்குகளை அப்பா ஈரத்துணியால் துடைத்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று அதற்குப் பெயர் தெரியும். இருமுனைக் கோளாறு என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள், வீட்டில் 'பைபோலார்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மனத்தின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கிற ஏற்பாடு சிலருக்கு நழுவிவிடுகிறது. ஏறினால் தூக்கமே தேவைப்படாமல் ஏறுகிறது, இறங்கினால் பல் துலக்குவதுகூட மலை ஏறுவது போல் ஆகிற அளவுக்கு இறங்குகிறது. சர்க்கரை வியாதி மாதிரி மாத்திரையோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று. ஆனால் அன்று எங்கள் வீட்டில் இதை யாரும் பெயர் சொல்லிப் பேசவில்லை. அப்பாவின் அக்கா ரீத்தா அத்தை, தனி ஆளாக இருந்தவர், எங்களுக்குச் சமைத்துப் போடுவதற்காக வந்து தங்கியிருந்தார். "பயங்கரமான கண்ணு பட்டிருக்கு" என்று அத்தையும், "நரம்புத் தளர்ச்சி" என்று அப்பாவும் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சமாளித்தார்கள்.

பொங்கல் முடிந்ததும் அப்பா அம்மாவை அடையாறில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். அத்தைக்குத் தெரியாமல் போனோம். அத்தைக்குத் தெரிந்தால் பங்குக் கோவிலுக்கே தெரிந்த மாதிரி என்று அப்பாவுக்குப் பயம். என்னையும் இழுத்துக்கொண்டு போனதால் 'பிள்ளைக்குக் கண் டாக்டர்' என்று வீட்டில் சொல்ல வசதியாயிற்று. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார், அப்பா மருந்து வாங்க வெளியே போனார். அந்த இடைவெளியில்தான் டாக்டர் அம்மாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"தண்ணி நல்லா குடிங்க. உப்பு எப்பவும் போல சேத்துக்கணும், குறைச்சிடக் கூடாது. இந்த மாத்திரைக்கு அது ரொம்ப முக்கியம்."

அம்மா அவருக்குப் பின்னால் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் காதில் விழுந்தது.

மாத்திரை வேலை செய்தது. அம்மா எழுந்தாள், குளித்தாள், தலை வாரினாள், என் நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தாள். 'சத்து மாத்திரை' என்று அப்பா சொன்னதை அத்தையும் நம்பிவிட்டார். எல்லோருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் இல்லை. ஏனென்றால் எழுந்து வந்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் புடவை, அம்மாவின் குரல், கூப்பிட்டால் திரும்புகிறது. ஆனால் கண்ணைப் பார்த்தால் வாசல் கதவு திறந்து கிடக்க உள்ளே ஆள் இல்லாத வீடு மாதிரி இருந்தது. ஒரு பகலில் நான் அவளைக் கடற்கரைக்குக் கூப்பிட்டேன். வந்தாள். அலைக்கு முன்னால் நின்றாள். நான் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "வெயிலா இருக்கு, போலாமா?" என்றாள். திரும்பி வருகிற வழியெல்லாம் நான் அழுதேன், காலில் முள் குத்திவிட்டது என்று பொய் சொன்னேன்.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் வந்தது. எங்கள் தெருவில் தவக்காலம் என்றால் 'சுத்தபோசனம்' என்று கவுச்சி விடுவார்கள், வெள்ளிக்கிழமை ஒரே வேளை சாப்பிட்டு 'ஒருசந்தி' இருப்பார்கள், அதற்கு மேல் ஒவ்வொரு வீட்டிலும் தனியாக ஒரு ஒறுத்தல் எடுத்துக்கொள்வார்கள். சிலர் காப்பியை விடுவார்கள், சிலர் டி.வி.யை மூடி வைப்பார்கள். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் வள்ளியக்கா கூடையை எங்கள் வாசலில் இறக்கி வைத்து, "இன்னா டீச்சர், நாப்பது நாளைக்கி உங்க தெருவுல நான் கூவுறது என் காதுக்குத்தான் கேக்கும் போலக்கீது" என்று வருஷா வருஷம் கிண்டல் செய்வாள். அந்த வருடம் அம்மா சிரிக்கவில்லை.

நெற்றியில் சாம்பலோடு கோவிலிலிருந்து வந்த அத்தைதான் சொன்னார்.

"இந்தத் தபசு காலத்துல இந்த வீட்ல உப்பு கிடையாது. பெரியவங்க சின்னவங்க எல்லாருக்கும்தான். அவ முழுசா குணமாகணும்னு நேந்துக்கிட்டேன்."

அப்பாவுக்கு உப்பைப் பற்றி எதுவும் தெரியாது, தலையாட்டினார். அம்மாவும் தலையாட்டினாள். நான் வாயைத் திறந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

நான் திறக்கவில்லை. மாத்திரைக்கு உப்பு முக்கியம் என்றால் உப்பு இல்லாவிட்டால் மாத்திரை வேலை செய்யாது, மாத்திரை வேலை செய்யாவிட்டால் கடலோடு பேசுகிற அம்மா திரும்பி வருவாள். பதினோரு வயதுக் கணக்கு அது. கணக்கு டீச்சர் மகள் போட்ட கணக்கு. "நானும் இருப்பேன் அத்தை" என்று முந்திக்கொண்டு சொன்னேன், அத்தை என்னைக் கட்டிப்பிடித்து உச்சி முகர்ந்தார். உடம்பில் உப்பு குறைந்தால் அந்த மருந்து வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கி நஞ்சாகும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு மாதத்தில் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். "ஈஸ்டர் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்று அப்பா தள்ளிப்போட்டார்.

மூன்றாவது வாரத்தில் அம்மாவின் கை ஆட ஆரம்பித்தது. டம்ளரை எடுத்தால் பல்லில் கிணுகிணுவென்று மோதும். சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனால் தட்டு கையிலிருந்து நழுவும். நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே போவாள், கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறை நீளமாகப் படிந்துவிட்டது. தண்ணீர் கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். வெயில் காலம்தானே என்றார்கள்.

நான்காவது வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அத்தையின் ஜெபக்கூட்டத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். வெயிலுக்காக ஜன்னல் திரையை இழுத்து மூடியிருந்ததால் கூடத்தில் பழுப்பு வெளிச்சம். நடுவில் அம்மாவை உட்கார வைத்து, தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். முதலில் அம்மாவின் விரல்கள் நடுங்கின, பிறகு கை, பிறகு தோள். நாற்காலியின் கால் தரையில் தடதடத்தது. அப்புறம் அவள் பேசினாள். வார்த்தை என்று சொல்ல முடியாது, குழகுழவென்று நாக்கு புரளாமல் ஏதோ ஒன்று வந்தது. பெண்களின் குரல் உயர்ந்தது. அத்தை மண்டியிட்டு, கண்ணீர் வழிய, "ஆண்டவர் தொட்டுட்டாரு, இது பரவசப் பேச்சு, அபிஷேகம் இறங்குது" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால் அம்மா கொஞ்சம் பேசி, நிறுத்தி, தலையைச் சாய்த்து எதையோ கேட்டு, மறுபடி பேசியதை நான் பார்த்தேன். கணக்கு சரியாக வந்துவிட்டது, அவள் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்தக் கூட்டத்தில் மிகச் சத்தமாக அல்லேலூயா சொன்னது நான்தான்.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா ஆபீசில், அத்தை கோவிலில். காலை பத்து மணி இருக்கும், அம்மா வாந்தி எடுத்துக்கொண்டே எழுந்து, சுவரைப் பிடித்தபடி வாசலை நோக்கி நடந்தாள். "அம்மா" என்று கூப்பிட்டேன். திரும்பி என்னைப் பார்த்தாள், யாரோ அறிமுகமில்லாத வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் சரிந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. தெருவில் போய்க்கொண்டிருந்த வள்ளியக்கா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ, இன்னாமே இது! எத்தினி நாளா இப்பிடி ஆடிக்கினு கீது?"

"அது... அபிஷேகம்" என்றேன்.

"அபிஷேகமாவது ஒண்ணாவது! உடம்பு வெசமாட்டம் ஆயிக்கீது. நவுரு, ஆட்டோவ கூப்புடு!"

மருத்துவமனையில் அப்பாவும் அத்தையும் வந்து சேர்ந்தார்கள். அப்பா மாத்திரையின் பெயரைச் சொன்னார், அத்தை அப்போதுதான் முதல் தடவையாக அதைக் கேட்டார். அடையாறு டாக்டரும் வந்தார். சாப்பாட்டில் ஏதாவது மாற்றினீர்களா என்று அவர் கேட்க, "உப்ப விட்டோம் சார், அவளுக்காகத்தான் விட்டோம்" என்று அத்தை சொல்லிவிட்டு, எல்லோர் முகத்தையும் பார்த்து, புரிந்துகொண்டு, அந்த வராந்தாவிலேயே தலையில் அடித்துக்கொண்டார். "நான் சொல்லியிருந்தேனே" என்றார் டாக்டர் மெதுவாக. அவர் பார்வை ஒரு கணம் என் மேல் வந்து நின்றது. நான் தரையைப் பார்த்தேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து அம்மாவுக்கு நினைவு தெளிந்தது. பிழைத்துக்கொண்டாள். வேறு மாத்திரை கொடுத்தார்கள், அதற்கும் உடம்பு பழகியது, அடுத்த வருடம் பள்ளிக்கூடத்துக்கும் திரும்பிப் போனாள். இரண்டு முறை மறுபடி ஏறினாள், மூன்று முறை இறங்கினாள். தூக்கம் குறைகிறதா, பேச்சு வேகமெடுக்கிறதா என்று கவனிக்கக் கற்றுக்கொண்டோம், முன்கூட்டியே பிடித்துவிட்டோம். ஆனால் கரும்பலகையில் நேர்கோடு போட அவள் வலது கை ஓய்வு பெறும்வரை ஒத்துழைக்கவில்லை. அத்தை சாகும்வரை தன்னால்தான் எல்லாம் என்று நம்பியே செத்தார். கடைசிப் படுக்கையில்கூட அம்மாவின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பக்கத்தில் நின்றுகொண்டு நான் அப்போதும் சும்மா இருந்தேன். இதைவிடக் கேவலமான காரியம் எதையும் நான் செய்ததில்லை.

இப்போது அம்மா கொட்டிவாக்கத்தில் என் வீட்டுக்குப் பக்கத்துக் குடியிருப்பில் தனியாக இருக்கிறாள். சாந்தோம் வீடு இருந்த இடத்தில் நான்கு மாடி எழும்பிவிட்டது. அப்பா இல்லை, அத்தை இல்லை, அந்த ஜெபக்கூட்டத்துப் பெண்களில் இருவரோ மூவரோதான் மிச்சம். போன மாதம் ஒரு சாயங்காலம், இருவரும் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது, எந்த முகாந்திரமும் இல்லாமல் என் வாய் திறந்துவிட்டது. டாக்டர் சொன்னபோது நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, பழைய மாதிரி நீ ஆகிவிடுவாய் என்று நினைத்தேன் என்று கொட்டித் தீர்த்தேன்.

அம்மா காம்பை ஒடித்து ஒதுக்கினாள்.

"ஏண்டி, அவரு என்கிட்டத்தானே சொன்னாரு" என்றாள். "எனக்குக் காது கேக்காதா?"

கையிலிருந்த கீரையைத் தட்டில் போட்டேன்.

"மாத்திரை வேலை செய்யாமப் போயிடும், பழைய நானா திரும்பி வந்துடலாம்னுதான் நானும் வாயத் திறக்காம இருந்தேன். உங்க அத்தை பாவம்."

கடலோடு பேசிய அவளை இன்னமும் தேடுகிறாயா என்று கேட்க நினைத்தேன், பயமாக இருந்தது, கேட்கவில்லை. அம்மா தலையை லேசாகச் சாய்த்து, நான் கேட்டுவிட்டது போல என்னைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "நீ?"

"இல்லம்மா" என்றேன். இருவருமே பொய் சொன்னோம்.